காலையில் மிதிக்கிற முதல் பிரேக்

என் காரில் ஏறுகிறவர்கள் சீட் பெல்ட்டைத் தேடுவதற்கு முன்பே மூக்கைத் தேய்த்துக்கொள்வார்கள். மீன் வாடை. நான் அதற்கு மன்னிப்புக் கேட்பதில்லை. வாரத்தில் ஆறு நாள் பின் சீட்டை மடக்கி, ஐஸ் போட்ட தெர்மாக்கோல் பெட்டியையும் அம்மா மீன் விற்கிற அன்னக்கூடையையும் ஏற்றிக்கொண்டு மணப்பட்டிலிருந்து பாகூர் மார்க்கெட்டுக்குப் போகிற வண்டி அது. அம்மாவை அங்கே இறக்கிவிட்டு, வில்லியனூர் வழியாக நான் திருபுவனைக்குப் போவேன். அங்கே ஒரு கம்பெனியின் சோதனைப் பிரிவில் எனக்கு வேலை. செய்து முடித்த சாமானை அழுத்தியும் முறுக்கியும் எப்போது உடைகிறது என்று பார்ப்பது. "ஒடைக்கிறதுக்கு சம்பளம் குடுக்கறான் பாரு" என்று அம்மாவுக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

வருஷத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் அந்த வண்டிக்கு வேறு பிழைப்பு. பெட்டியும் கூடையும் இறங்கிவிடும், ஹெல்மெட் ஏறிக்கொள்ளும். சென்னையைத் தாண்டி ஒரு பந்தயப் பாதை இருக்கிறது. டிராக் டே என்று சொல்கிற நாட்களில் நம் சொந்த வண்டியை அங்கே ஓட்டலாம். பந்தயம் கிடையாது. யாரும் யாரையும் ஜெயிக்க வேண்டாம். ஆடு மாடு குறுக்கே வராத, எதிரே டவுன் பஸ் வராத ஒரு ரோட்டில் நம்மால் எவ்வளவு வேகம் முடியுமோ அவ்வளவு வேகமாகச் சுற்றலாம், அவ்வளவுதான். எதற்கு இது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. காவடி எடுக்கிறவனிடம் யாரும் எதற்கு என்று கேட்பதில்லை.

முதலில் போன சில தடவைகள் எல்லாம் நன்றாகத்தான் போயின. ஒரு ஞாயிறு, மத்தியான வெயிலில், நீளமான நேர் ரோட்டின் கடைசி வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். கால் பஞ்சு மூட்டையை மிதித்த மாதிரி உள்ளே போனது. திரும்ப மிதித்தேன். இன்னும் உள்ளே போனது. கியரைக் குறைத்து, கைப் பிரேக்கைப் பாதி இழுத்து, வளைவுக்கு வெளியே கொட்டியிருந்த ஜல்லியில் வண்டி புதைந்து நின்றது. எனக்கு ஒரு கீறலும் இல்லை. பல்லெல்லாம் புழுதி. 

காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது. திரும்பத் திரும்ப மிதித்ததில் சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் டிஸ்க் அடுப்பாகிவிட்டது. அந்தச் சூடு ஏறி, கால் மிதியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற பிரேக் ஆயில் கொதித்து, குழாய்க்குள் குமிழி விட்டிருக்கிறது. நான் மிதித்ததெல்லாம் அந்தக் குமிழியைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். எங்கள் இருவருக்கும் நடுவில் மறைத்து வைக்கும் அளவுக்கு வீடு பெரிதில்லை. அப்பா நான் காலேஜ் முடிக்கிற வருஷம் போய்விட்டார். மீனவர் என்றதும் கடலில் போனாரா என்று கேட்பார்கள். இல்லை, ஆஸ்பத்திரி கட்டிலில், நெஞ்சு வலியில் போனார். அன்றிலிருந்து அம்மாவும் நானும்தான்.

அம்மா முழுவதும் கேட்டாள். திட்டவில்லை.

"அதே வண்டிலதான நாளைக்கு என்ன பாகூருக்குக் கூட்டினு போவ?"

"ஆமாம்மா."

"மொதல்ல அத நிக்கிற வண்டியா பண்ணு. அப்புறம் எங்கனா போயி சுத்து."

போகாதே என்று அவள் சொல்லவில்லை. தெருவில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்ததை அவள் ஒருத்திதான் சொல்லவில்லை. கல்யாணம் ஆகாத பெண், கார், ரேஸ் என்று எங்கள் தெருவுக்கு வருஷம் முழுக்க மெல்ல வெற்றிலை கிடைத்திருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று அம்மா அவர்களை விட்டுவிடுவாள். நான் விடமாட்டேன். வண்டி விஷயத்தில் என்னை ஒருவரும் ஒரு குறை சொல்ல முடியாதபடி நடந்துகொள்வது என்று எனக்கு ஒரு வீம்பு.

எனவே பிரேக் வாங்கும் வேலையில் இறங்கினேன்.

பாகூரில் எனக்கு வழக்கமாக வண்டி பார்க்கும் மெக்கானிக் அண்ணனுக்கு என்னை விட ஆர்வம். டிஸ்கை அழுத்திப் பிடிக்கிற, சிவப்புப் பெயின்ட் அடித்த பெரிய காலிப்பர், தட்டு அகல டிஸ்க் என்று ஃபோனில் படம் படமாகக் காட்டினார். "ஆனைய வாங்கிட்டு அங்குசத்துக்கு யோசிக்கலாமா? போட்டா இத போடணும்மா" என்றார். அளந்து பார்த்தோம். என் வண்டியின் வீலுக்குள் அது நுழையவே நுழையாது. வீலைப் பெரிதாக்கினால் டயர் மாறும், டயர் மாறினால் இன்னொன்று மாறும். கடைசியில் அம்மாவின் அன்னக்கூடை மட்டும்தான் பழசாக மிஞ்சும்.

டிராக்குக்கு வருகிறவர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். அவரவர் எதை வாங்கினாரோ அதுதான் உலகத்திலேயே நல்லது. துளை போட்ட டிஸ்க் என்று ஒருவர், கோடு போட்ட டிஸ்க் என்று ஒருவர். இரண்டு பேருக்கும் ராத்திரி வரை சண்டை நடந்தது. என் கேள்வி அதில் எங்கோ அடிபட்டுப் போயிற்று.

அதன் பிறகு நானே உட்கார்ந்து யோசித்தேன். பிரேக் என்பது என்ன? ஓடுகிற வேகத்தைச் சூடாக மாற்றிக் காற்றில் விடுகிற சாமான். என் வண்டியில் நிறுத்துகிற பலம் குறையவில்லை, சூட்டைத் தாங்கத்தான் முடியவில்லை. பிரேக் ஆயில் ஈரத்தைக் குடிக்கும். ஈரம் குடித்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும். எங்கள் ஊரில் உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் சாயங்காலத்துக்குள் உப்பு அழுகிறது. அந்தக் காற்றில் நிற்கிற வண்டியின் ஆயிலை நான் மாற்றாமல் வைத்திருந்தேன். ஆகவே அதிகச் சூட்டில்தான் கொதிக்கிற புது ஆயில் வேண்டும். மீன் பெட்டியிலிருந்து கசிகிற உப்புத் தண்ணீரிலும் கடல் காற்றிலும் பழைய டிஸ்க் அரித்துப் போயிருந்ததால் அதே அளவில் புது டிஸ்க் வேண்டும். இது வரை எனக்குக் குழப்பம் இல்லை. டிஸ்கைக் கவ்விப் பிடிக்கிற பேட் மட்டும்தான் பாக்கி.

அதில் இரண்டு வகை. ஒன்று ரோட்டுக்கு ஆனது, சூடு கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், டிராக்கில் நாலு சுற்றுக்குப் பிறகு தளர்ந்துவிடும். இன்னொன்று டிராக்குக்கென்றே செய்தது. எவ்வளவு சூடு ஏறினாலும் விடாது. சென்னையில் விற்கிறவரிடம் ஃபோனில் பேசினேன்.

"இது சூடு ஏறுனாத்தான் மேடம் கடிக்கும். ஆறியிருந்தா லேட்டாதான் புடிக்கும். டெய்லி ஓட்டுற வண்டின்னா கொஞ்சம் யோசிங்க" என்றார்.

யோசித்தேன். ஆனால் யோசிக்கும்போது என் பல்லில் அந்த ஜல்லிப் புழுதி இருந்தது. பாகூர் ரோட்டில் நான் என்ன நூறு கிலோமீட்டரிலா போகிறேன், கொஞ்சம் அழுத்தி மிதித்தால் போகிறது என்று நினைத்தேன். பயந்தவள் வாங்குகிற சாமானை வாங்கினேன். எதைப் பார்த்துப் பயந்தேனோ அதற்கு மட்டும் சரியான சாமான்.

அடுத்த டிராக் டேக்கு முந்தின நாள், சனிக்கிழமை, மெக்கானிக் அண்ணன் எல்லாவற்றையும் பொருத்தினார். புது பேட் டிஸ்கோடு ஒட்டிப் பழக வேண்டும், அதை மறுநாள் போகிற வழியில் காலி ரோட்டில் செய்துகொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் வண்டியைக் கழுவினேன். புது டிஸ்க் வீலுக்குள்ளே எவர்சில்வர் தட்டு மாதிரி பளபளத்தது. அம்மா குனிந்து பார்த்தாள்.

"புதுசுன்னா பூச போட வாணாவா?"

"போடலாமே."

"நான் எதிர்வூட்டு பெரியம்மாவ கூப்புடறேன். அது வந்து தேங்கா சுத்தட்டும்."

எதிர்வீட்டுப் பெரியம்மா எங்களுக்கு உறவு இல்லை. தெருவில் வளைகாப்போ, புதுப் படகோ, எது என்றாலும் முன்னால் நிற்கிற கை அவருடையது. புருஷனும் நாலு பிள்ளைகளும் நிறைந்த வீடு. அப்பா போன நாளிலிருந்து அம்மா எந்த நல்ல காரியத்திலும் இரண்டாவது வரிசைக்குப் போய்விட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. அவளாகவே போனாள். சொல்லும்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்ற ரோஷம்.

எனக்குக் கோபம் வந்தது. "இந்த வண்டில தெனமும் போறது யாரு? பெரியம்மாவா? நீ சுத்தறதுன்னா நாளைக்கு வண்டி கெளம்பும். இல்லன்னா இங்கியே நிக்கட்டும்."

"வாணாம்டி. நான் சுத்தக்கூடாது."

"நீதான் சுத்தணும்."

அம்மா உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்துக் கடைக்குப் போய் எலுமிச்சம்பழமும் தேங்காயும் சூடமும் வாங்கி வந்தாள். பழங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துத் தட்டில் வைத்தாள். துடைக்கும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்பதை நான் எழுத முடியாது. அவ்வளவு வருஷமாக அவளுக்கு அந்த ஆசை இருந்திருக்கிறது. பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் கிழக்கு வெளுக்கும் முன்பே அவள் எழுந்துவிட்டாள். நான் எழுந்து வந்தபோது குளித்து, வெளிர் நீலப் புடவை கட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துத் தயாராக நின்றாள். எதிர்வீட்டுப் பெரியம்மா வாசல் தெளித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். வலையைத் தூக்கிக்கொண்டு போன இரண்டு பேரும் நின்று பார்த்தார்கள்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். முதலில் வண்டி அரைச் சுற்று உருண்டு பழத்தை நசுக்க வேண்டும். நசுக்கி நின்றதும், எதிரே நிற்கிறவர் சூடம் ஏற்றிய தேங்காயை மூன்று தடவை சுற்றி வண்டியின் முன்னால் உடைப்பார். ஆகவே அம்மா எதிரில் நின்றாள். எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. வாசலிலிருந்து தெருவுக்கு ஒரு சிமெண்ட் சரிவு. வண்டி அந்தச் சரிவில் நின்றது. அம்மா சரிவுக்குக் கீழே.

இன்ஜினை ஸ்டார்ட் செய்து கைப் பிரேக்கை எடுத்தேன். வண்டி உருண்டது. பழம் நசுங்குகிற சத்தம் கேட்டது. மிதித்தேன்.

வண்டி நிற்கவில்லை. வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. எழுந்து நின்று மிதிப்பது போல மிதித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா இரண்டு கையிலும் தேங்காயைப் பிடித்தபடி, எரிகிற சூடத்தைப் பார்த்துக்கொண்டு, அசையாமல் நின்றாள். வண்டி நின்றுவிடும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கைப் பிரேக்கை முழுசாக இழுத்தேன். பம்பர் அவள் முழங்காலில் இடித்து நின்றது. தேங்காய் கையிலிருந்து நழுவி உருண்டது. சூடம் மண்ணில் விழுந்து அணைந்தது.

ஓடிப் போய்ப் பிடித்தேன். சிராய்ப்புத்தான். அவளை உட்கார வைத்துவிட்டு முன் வீலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். சாயங்காலம் கழுவி நிறுத்திய டிஸ்க், எங்கள் காற்றுக்கு, காலையில் ஆரஞ்சு நிறமாகத் துருப் பூத்திருக்க வேண்டும். புது இரும்பு அப்படித்தான், ஒரு தடவை பிரேக் மிதித்தால் தேய்ந்து போய்விடுகிற துரு. ஆனால் இது நேற்றை விடப் பளபளத்தது. விரலால் தொட்டேன். எண்ணெய்.

"யாரும்மா இதுல எண்ண தடவுனது?"

"நான்தான்டி. காலைல பாத்தா ஒரே துரு. புது சாமான், ஒரு ராத்திரிக்கே துரு புடிக்குதே, ஏமாத்தி குடுத்துட்டான் போலன்னு... துணியில எண்ண போட்டு வீலு கம்பி சந்துல கைய வுட்டு தொடச்சேன்."

எங்கள் ஊரில் இது தப்பே இல்லை. கடலுக்குப் போய் வந்த போட் இன்ஜினைத் தோளில் தூக்கி வந்து, நல்ல தண்ணீர் விட்டு அலசி, எண்ணெய்த் துணியால் துடைத்துத்தான் நிறுத்துவார்கள். அரிவாள்மனையிலிருந்து சைக்கிள் செயின் வரை, எண்ணெய் காணாத இரும்பு எங்கள் தெருவில் ஒரு மழைக்காலம் தாங்காது. அப்பாவின் இன்ஜினை அப்படித் துடைத்தது அம்மாதான். நேசிக்கிற இரும்புக்கு எண்ணெய் தடவுவது அவளுக்குத் தெரிந்த ஒரே வழி.

இதெல்லாம் இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு வாயில் வந்தது வேறு. "பிரேக்குல எவளாவது எண்ண தடவுவாளாம்மா? அறிவில்ல? செத்திருப்ப!" என்று கத்தினேன். பயத்தில் வந்த கத்தல் என்று தெருவுக்கு எப்படித் தெரியும்.

பெரியம்மா வாளியை வைத்துவிட்டு வந்தார். அவர் கெட்டவர் இல்லை. அம்மாவின் முழங்காலுக்கு மஞ்சள் வைத்தது அவர்தான். மஞ்சளை வைத்துக்கொண்டே சொன்னார்:

"எண்ணயோ தண்ணியோ, அதெல்லாம் ஒரு சாக்கு. இதுக்குத்தான்டி சுமங்கலியா பாத்து சுத்தச் சொல்றது."

அம்மா எழுந்து, உருண்ட தேங்காயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் அன்று டிராக்குக்குப் போகவில்லை.

திங்கட்கிழமை காலையில் வண்டியை எடுத்து வந்து நிறுத்தினேன். மெக்கானிக் அண்ணன் டிஸ்கைச் சுத்தம் செய்து பழைய பேடையே திரும்ப மாட்டிக் கொடுத்திருந்தார். அம்மா அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வண்டியைத் தாண்டி நடந்தாள்.

"நான் மத்தவங்களோட ஆட்டோவுல போறேன்."

மீன்கூடை என்றால் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். ஆட்டோவில் ஏழெட்டுப் பேர் கூடைகளை மடியில் வைத்துக்கொண்டு, பாதி உடம்பு வெளியே தொங்கப் போக வேண்டும். மீன் தண்ணீர் புடவையில் வழியும். அந்தக் கஷ்டம் தீரத்தான் கார் வாங்கினேன். இப்போது அவள் அதன் கதவைக்கூடத் தொடவில்லை. வாசலில் நிற்கும் வண்டிக்கும் சுவருக்கும் நடுவே போகும்போது புடவையை ஒடுக்கிக்கொண்டு போனாள், தான் பட்டால் அதற்கு ஏதாவது ஆகிவிடும் என்பது போல.

ஒரு சாயங்காலம் உட்கார வைத்து விளக்கினேன். டிஸ்க் என்றால் என்ன, பேட் எப்படிக் கவ்வும், நடுவில் எண்ணெய் இருந்தால் ஏன் வழுக்கும். எல்லாவற்றையும் கேட்டாள்.

"எண்ணதான்னு நீ சொல்ற. சரி. இத்தன நாளா வண்டி சக்கரத்த தொடாத கை, அன்னிக்கின்னு பாத்து ஏன் எண்ணய எடுத்துச்சி? அதச் சொல்லு."

 எண்ணெய்தான் காரணம் என்று நான் எவ்வளவு நிரூபித்தாலும் அது திரும்பிப் போய் அவள் கையில்தான் முடிந்தது. தெருவும் அங்கேயே முடித்திருந்தது. அவள் மறுபடி இரண்டாவது வரிசைக்குப் போய்விட்டாள், இந்தத் தடவை நான் பிடித்துத் தள்ளி முன்னால் நிறுத்தியதால். 

எண்ணெய் குடித்த பேடைக் காப்பாற்ற முடியாது. அதே வகையில் இன்னொரு ஜோடி வரவழைத்தேன். அது வந்த வாரம் மெக்கானிக் அண்ணனிடம் கொடுத்து மாட்டி, காலி ரோட்டில் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பழக்கினேன். நன்றாகக் கடித்தது. மறுநாள் காலை, வண்டி ஆறிக் கிடந்த நேரம், பாகூர் ஏரிக்கரை ரோட்டுக்கு ஓட்டிப் போனேன். வழியில் பிரேக்கைத் தொடாமலே மெதுவாகப் போனேன். சும்மா ஒரு சந்தேகம். சரிவில் வண்டி உருண்டபோது கால் உணர்ந்த ஏதோ ஒன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அம்மா வெளிப்பக்கத்தை மட்டும்தான் துடைத்தாள். கம்பி சந்தில் கை அதற்கு மேல் போகாது. டிஸ்கின் உள்பக்கத்தைக் கவ்வுகிற, எண்ணெய் படாத பேட் ஒன்று இருக்கிறதே, அது ஏன் பிடிக்கவில்லை?

ரோட்டில் ஒரு செங்கல்லை அடையாளமாக வைத்தேன். மிதிவண்டியைத் துரத்திப் பிடிக்கிற வேகம்தான். ஒரு பனைமரத்துக்கு நேரே வந்ததும் மிதிக்க வேண்டும். மிதித்தேன். கால் கட்டையாக இருந்தது, வண்டிக்கு மனசில்லாத மாதிரி. செங்கல்லைத் தாண்டிப் போய் நின்றது. திரும்பி வந்து திரும்ப மிதித்தேன். திரும்பத் திரும்பச் செய்து பேட் சூடானதும், செங்கல்லுக்கு வெகு முன்னாலேயே, தலை முன்னே போய் வருகிற மாதிரி நின்றது. மர நிழலில் நிறுத்தி நன்றாக ஆற விட்டு மறுபடி பார்த்தேன். மறுபடி செங்கல்லைத் தாண்டியது. மெக்கானிக் அண்ணனிடம் போய்ப் பழைய பேடை மாட்டச் சொல்லி, வண்டி ஆறியதும் அதே இடத்தில் பார்த்தேன். செங்கல்லை முத்தமிடாத குறையாக நின்றது.

டிஸ்கில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. அம்மாவின் கை இந்த வண்டியைத் தொட்டு நாளாயிற்று.

அன்றைக்கு எண்ணெய் எவ்வளவு வழுக்கியது, பேட் எவ்வளவு பிடிக்காமல் விட்டது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறவள் அப்படிச் சொல்லவும் கூடாது. ஆனால் ஆறிய பேட், முந்தின நாள்தான் மாட்டிய, பழகாத பேட், காலையின் முதல் மிதி. எண்ணெயே இல்லாவிட்டாலும் அந்த வண்டி அம்மாவை நெருங்கித்தான் நின்றிருக்கும். தேர்ந்தெடுத்தது நான். எச்சரித்த பிறகும் தேர்ந்தெடுத்தது நான்.

அந்தச் செங்கல் பக்கத்தில் நின்று நான் சிரித்தேன். தப்பு தன்னுடையது என்று தெரிந்து ஒருத்திக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று நான் நினைத்ததில்லை. ஏரிக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பிரேக்கைப் பற்றியும் அங்கேதான் முடிவுக்கு வந்தேன். என் வண்டி டிராக்கில் மிதிக்கிற கடைசி பிரேக்கை விட, எங்கள் வாசலில் மிதிக்கிற முதல் பிரேக் எனக்கு முக்கியம். ரோட்டுக்கான வகை பேட், கொதிக்காத ஆயில், அதே அளவு டிஸ்க். டிராக்கில் நாலு சுற்றுக்கு மேல் தாங்காது என்றால் நாலு சுற்றோடு வெளியே வந்து ஆற விடுவேன். என்னைத் தாண்டிப் போகிறவர்கள் போகட்டும்.

நேரே மார்க்கெட்டுக்குப் போனேன். அம்மா சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். எதிரே வாங்குகிற அம்மாள் பையோடு நின்றார். நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். செங்கல், பனைமரம், சூடு, ஆறினது, விற்கிறவர் முன்கூட்டிச் சொன்னது, நான் கேட்காதது. அவள் கை நிற்கவில்லை. மீனைக் கழுவி, துண்டு போட்டு, பையில் போட்டுக் கொடுத்தாள்.

"அப்ப எண்ண இல்லியா?"

"எண்ணயும் கொஞ்சம் இருக்கும். ஆனா எண்ண இல்லாமயே அது நிக்கலம்மா. நான் இன்னிக்கு பாத்துட்டு வரேன். அந்த பேடு காலைல புடிக்காது. நான்தான் தெரிஞ்சே வாங்குனேன்."

அம்மா கையைத் தண்ணீரில் முக்கி அலசினாள். அலசிய கையை அப்படியே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இத எங்கிட்ட சொல்லி இன்னாடி புண்ணியம்? தெருவுல சொல்லு."

 அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அந்தத் தெரு நான் வண்டி வாங்கிய நாளிலிருந்து காத்திருக்கிறது, இந்தப் பெண் ஒரு நாள் வண்டியில் தப்புச் செய்வாள் என்று. அவர்கள் கையில் அதைக் கொண்டுபோய் நானே கொடுக்க வேண்டும்.

"சரி, சாயங்காலம் சொல்றேன்."

"இப்ப சொல்லு."

பாதி மீன் இன்னும் விற்கவில்லை. அம்மா அதை அப்படியே கூடையில் போட்டு ஐஸைக் கொட்டி மூடினாள். மீன் இருக்கும்போது அவள் மார்க்கெட்டை விட்டு எழுந்து நான் பார்த்ததில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்து, காரின் கதவைத் தானே திறந்து, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

மணப்பட்டு வரை நான் வெயில் ஏறிய ரோட்டில் பார்த்துப் பார்த்து ஓட்டினேன்.

தெருவில் நாலைந்து பேர் கிழிந்த வலையைச் சீர் செய்துகொண்டிருந்தார்கள். பெரியம்மா வாசலில் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தார். நான் வண்டியை நிறுத்தி இறங்கி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"பெரியம்மா, அன்னிக்கு வண்டி நிக்காததுக்கு அம்மா கை காரணம் இல்ல. நான் வாங்குன பிரேக்கு தப்பு. காலைல ஆறியிருந்தா புடிக்காத பிரேக்கு அது. வித்தவரு சொன்னாரு, நான் கேக்கல. அம்மா சுத்துனதால ஒண்ணும் ஆவல."

பெரியம்மா கருவாட்டிலிருந்து நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"அவ்ளோ தூரம் போயி சுத்தறியே, உனக்கே பிரேக்கு வாங்கத் தெரியலியா?"

வலைக்காரர்கள் சிரித்தார்கள். ஒருவன் எனக்குக் கேட்காது என்று நினைத்து ஏதோ சொன்னான், இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.  பதில் சொல்ல வாய் துடித்தது. சொல்லவில்லை. "தெரியல பெரியம்மா" என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். அம்மா இறங்கி வண்டியின் முன்னால் வந்து நின்றிருந்தாள், பானெட்டின் மேல் கையை விரித்து வைத்துக்கொண்டு. வெயிலுக்கும் இன்ஜின் சூட்டுக்கும் அந்தத் தகரம் கொதித்திருக்கும். தெரு சிரித்து முடிகிற வரை அவள் கையை எடுக்கவில்லை.